கிணத்துக்கடவில் எடுத்த படம்

போன ஆவணியில் ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணின் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய பாக்கெட் டைரி இருந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஏனுங்க, நீங்கதானுங்களா போட்டோக்காரத் தம்பி?" என்று கேட்டார். தலை முழுக்க நரைத்துப்போன ஒருவனைத் தம்பி என்று சொல்லிவிட்டோமே என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னை அப்படிச் சொன்னவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான், கடிகாரக்கடை பாய். இவர் அவருடைய மகள். பாய் காலமாகி நாற்பது நாளாகிவிட்டது என்றார். அந்தக் காலத்தில் நான் பிலிம் கழுவக் கொடுத்த ஸ்டுடியோக்காரரிடம் விசாரித்து என் விலாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

டைரியை விரித்துக் காட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி பாயின் எழுத்து. "கிணத்துக்கடவு. வண்டி ஒரு நிமிசம் முந்தி வந்தது. தம்பி என்னைப் போட்டோ எடுத்தார்."

"அந்தப் போட்டோ இருக்குமுங்களா? ஊட்டுல இருக்கறது ஆதார் கார்டுப் படம் ஒண்ணுதானுங்க. அதுல அத்தா மாதிரியே இல்லீங்க. என் கல்யாணத்துல எடுத்ததுலயும் இல்லீங்க, போட்டோ எடுக்கறப்ப பந்தியப் பாக்கப் போயிட்டாங்க."

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன். தேடினால் கிடைக்காது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை. ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைத் தின்றுவிடும். மத்தியானம் மெஸ் கிடையாது. பக்கத்து அறைக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். சனிக்கிழமை மாலை மில்லை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலைவரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததுண்டு. அந்த நாளைக் கடத்துவதற்காகத்தான் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். கோயமுத்தூர் ஜங்ஷனில் காலைப் பாசஞ்சர், போத்தனூர் தாண்டி மீட்டர் கேஜ் தடத்தில் பொள்ளாச்சி, சாயங்காலம் திரும்பல். எங்கும் யாரையும் பார்க்கப் போகவில்லை. ரயிலில் போய் ரயிலைப் படம் எடுத்துவிட்டு ரயிலில் திரும்பி வருவேன். மில்லில் இதைச் சொன்னபோது, பித்துப் பிடித்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

இந்தப் பித்துக்கும் சட்டதிட்டம் உண்டு. வெயில் எனக்குப் பின்னால் இருக்க வேண்டும். எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிய வேண்டும். நம்பர் தெளிவாக விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்துக்குள் மனுஷன் இருக்கக் கூடாது. ஒருத்தன் குறுக்கே வந்தாலும் படம் கெட்டது என்று கணக்கு. பிளாட்பாரம் காலியாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். கூடைக்காரிகளையும் குழந்தைகளையும் எத்தனை முறை விரட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாய் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஸ்டாப் வாட்ச். ஜன்னல் வழியே கிலோமீட்டர் கல்லைப் பார்ப்பதும் டைரியில் குறிப்பதுமாக இருந்தார். ரயில்வே அதிகாரி போலிருக்கிறது என்று நான் டிக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் உங்களாட்டம் கிறுக்குத்தானுங்க தம்பி" என்றார். டவுன்ஹால் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஞாயிறு கடைவீதிக்கு லீவு. வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவதுதான் அவருடைய கிறுக்கு. "ஊர்க் கடிகாரத்தையெல்லாம் சரி பண்ணிக் குடுக்கறனுங்க. இந்த ஒரு வண்டிய என்னால சரி பண்ண முடியல" என்பார். அன்றிலிருந்து மூன்று வருஷம் ஞாயிறுதோறும் ஒன்றாகத்தான் போனோம். வீட்டிலிருந்து தூக்குப் போசியில் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருவார். எனக்கென்று யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

நாங்கள் பழகி ஏழெட்டு மாதமிருக்கும்போது நடந்தது இது. அது ஒற்றைத் தடம். எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகளும் கிணத்துக்கடவு ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று கடக்கும். எங்கள் வண்டி முதலில் போய் நிற்கும். பொள்ளாச்சியிலிருந்து வருவது எப்போதும் தாமதம். அன்று மழை பெய்து ஓய்ந்த காலை. தென்னைகளுக்கு மேலே வெயில் கழுவி வைத்த மாதிரி இருந்தது. நான் இடம் பார்த்து நின்றேன். பிலிம் ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. வளைவில் திரும்பி, வெயில் முகத்தில் பட, நான் நினைத்த இடத்துக்கு வந்தது. பட்டனை அழுத்தவும் பாய் கேமராவுக்குக் குறுக்கே ஓடவும் சரியாக இருந்தது. வாட்ச் கட்டிய கையை டிரைவருக்கு உயர்த்திக் காட்டிக்கொண்டு, "முந்தி வந்துபோட்டானுங்க தம்பி! ஒரு நிமிசம் முந்தி வந்துபோட்டான்!" என்று கத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? இருந்த ஒரு படத்தையும் நாசம் பண்ணிப்போட்டியே!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை யோவ் என்றேன். ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பாய் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். "தப்புத்தானுங்க. சந்தோசத்துல கவனிக்காமப் போயிட்டனுங்க" என்றார். பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை நான் பேசவில்லை. மத்தியானம் போசியைத் திறந்து முதலில் எனக்குத்தான் வைத்தார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

ஸ்டுடியோவில் அந்தக் கடைசிப் படத்தை மட்டும் பிரிண்ட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதோடும் விடவில்லை. என் நெகட்டிவ்களில் கெட்ட படம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. அந்த ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து வண்டியில் பாய் தயங்கித் தயங்கி, "அன்னிக்கு நான் விழுந்த படம் எப்படி வந்துச்சுங்க?" என்று கேட்டார். "சரியா வரலை பாய்" என்றேன். "அதனாலென்னங்க, இன்னொரு நாள் எடுத்தாப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் கேமராவை எடுத்தாலே எனக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பிறகு மில்லை மூடினார்கள். நான் ஈரோட்டுக்கு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தும் பல வருஷமாயிற்று. டவுன்ஹால் பக்கம் போகும்போதெல்லாம் பாயைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன், அடுத்த தடவை ஆகட்டும் என்று பஸ் ஏறிவிடுவேன். தனியாக இருந்து பழகியவனுக்கு ஒரு கதவைத் தட்டுவது அத்தனை சுலபமில்லை.

அந்தப் பெண் வந்துபோன பிறகு நான்கு நாள் எல்லா ஆல்பங்களையும் புரட்டினேன். வேறு ஏதாவது ஒன்றில் பாய் தவறியாவது விழுந்திருக்க மாட்டாரா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போத்தனூர், செட்டிபாளையம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி. எல்லாப் படத்திலும் எஞ்சின் இருக்கிறது, பெட்டிகள் இருக்கின்றன, காலிப் பிளாட்பாரம் இருக்கிறது. ஒரு ஈ காக்கை இல்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறேன், பாவி!

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் கையையே பார்த்தார். கையில் கவர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று புரிந்ததும் பொய் வரவில்லை. "படம் நல்லாத்தாம்மா வந்திருந்துது. அத்தா சிரிச்சுட்டிருந்தார். நான்தான் கோவத்துல வெட்டிப் போட்டுட்டேன். அவர்கிட்ட சரியா வரலைன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "சரியா வரலைன்னு நீங்க சொன்னத அத்தா அன்னிக்கே ஊட்டுல வந்து சொன்னாங்க" என்றார். "கட்டம் போட்ட சட்டையில போனதுனாலதான் கெட்டுப்போச்சுன்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஞாயித்துக்கெழமைன்னா அம்மாகிட்ட வெள்ளைச் சட்டையத் தேச்சு வாங்கிப் போட்டுக்கிட்டுத்தானுங்க கெளம்புவாங்க. இன்னிக்கு எடுத்தாலும் எடுப்பாருன்னு. வந்ததும் அம்மா கேக்கும், எடுத்தாரான்னு. அடுத்த வாரம் எடுப்பாரும்பாங்க. நீங்க டீ எடுத்துக்குங்க, ஆறிப்போவுதுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வண்டியை எந்த எஞ்சின் இழுத்தது என்று நம்பரோடு இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். பாய் வெள்ளைச் சட்டையில் வந்தார் என்பதை அவருடைய மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.