ஐந்தே முக்கால் வேன்

எங்கள் கம்பெனியில் தைக்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். பெரம்பலூரிலிருந்து நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் போனால் வரும் சட்டைக் கம்பெனி அது. ஒன்பது வருடமாக அங்கே மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். காலர், கை, பாக்கெட், பட்டன் பட்டி, எதை வைத்தாலும் தைப்பேன். இதுவரை எனக்கு சூப்பர்வைசராக வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேருக்கு மெஷினில் நூல் கோக்கக் காட்டிக் கொடுத்ததே நான்தான். காட்டிக் கொடுத்த மறுவாரமே, "ஏய், என்ன வாய் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?" என்று என்னைக் கேட்டார்கள்.

தைக்கிறவர்கள் புடவைக்கு மேல் நீலக் கோட்டு போட வேண்டும். சூப்பர்வைசருக்குக் கோட்டு கிடையாது. சட்டை, பேண்ட், கழுத்தில் கார்டு. வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் அதைக் கழற்றுவது என்றால் என்னவென்று தெரியும். என் அம்மா அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியே முதுகு வளைந்தவள். அவளை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. நான் கோட்டு இல்லாமல் நிற்க ஆசைப்பட்டேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

போன வருடம் எங்கள் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் ட்ரையல் பாருங்க. சரியா இருந்தா கன்ஃபார்ம் பண்ணிடுவோம். சாயந்திரம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், பரவால்லல்ல?"

"பரவால்ல சார்."

அந்த 'முன்ன பின்ன'தான் எல்லாம். ஐந்தரைக்கு பெல் அடிக்கும். ஐந்தே முக்காலுக்குப் பெண்களின் வேன் கிளம்பிவிடும். கடைசி மணி நேரத்தில் எத்தனை சட்டை முடிந்தது என்பதை சூப்பர்வைசர் பெல் அடித்த பிறகு எண்ண வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், கட்டி அயர்ன் பகுதியில் வைக்க வேண்டும். முடிய ஆறேகால் ஆகும். ஆண்களுக்குக் கவலை இல்லை. வெளியே பைக் நிற்கிறது. எனக்கு ஊர் குரும்பலூரையும் தாண்டி உள்ளே. ரோட்டில் நின்று ஒரு பஸ், டவுனில் இறங்கி இன்னொரு பஸ்.

என் வீட்டுக்காரர் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். போனில் சொன்னேன்.

"வேன்ல வர்றதுன்னா பாரு. தனியா ரோட்ல நின்னு பஸ் புடிச்சு வர்ற வேலையெல்லாம் வேணாம்."

"பஸ் ஸ்டாப்புல நின்னா என்ன?"

"நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"பஸ்ஸுக்கு நிக்கிறாள்னு சொல்லுவான்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வேன்னா சரி. இல்லன்னா பழையபடி மெஷின்லயே உக்காரு."

வீட்டில் இல்லாத ஆளுக்கு நான் எதில் வருகிறேன் என்று ஒரு கவலை. சரி என்று சொல்லிவிட்டேன். மேனேஜரிடம் போய் வேனை ஆறேகாலுக்கு எடுக்க முடியுமா என்று கேட்டேன். "ஒரு ஆளுக்காக அம்பது பேரு காத்திருக்கணுமா?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அந்த ஐம்பது பேரும் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர்கள். அப்படியானால் எனக்கு ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்றேன். சிரித்தார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் லைன் மணிக்கு அறுபது சட்டை தரும். கூடினாலும் குறைந்தாலும் ஒன்றிரண்டுதான். ஐந்து மணிக்கே கடைசி மணி நேரத்துக்கு அறுபது என்று எழுதிவிடுவேன். பெல் அடித்ததும் சட்டைகளை எண்ணாமல் கட்டி வைத்துவிட்டு ஓடி வேனைப் பிடிப்பேன். அயர்ன் பகுதிக்காரர்கள் காலையில் ஒன்பது மணிக்குத்தான் எண்ணுவார்கள். எட்டரைக்குள் நான் வந்து எண்ணிப் பார்த்து, இரண்டு குறைந்தால் காலையில் முடிகிற முதல் இரண்டைத் தூக்கி அதில் வைத்துவிடுவேன். இருபத்தைந்து நாள் இப்படியே ஓடியது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. யாரையும் 'ஏய்' என்று சொல்லாமலே அறுபது வந்துகொண்டிருந்தது.

இருபத்தாறாம் நாள் நான் அறுபது என்று எழுதி முடித்ததும் காலர் மெஷின் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவள் திருமானூரிலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆறு வருடமாக எனக்குப் பக்கத்து மெஷின். என் சாப்பாட்டு டப்பாவை என்னைக் கேட்காமலே திறக்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். அவள் கையைத் தூக்கினாள். மெக்கானிக் வேறு லைனில் இருந்தான். காலர் இல்லாமல் பின்னால் இருக்கிற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெல் அடித்தபோது ஏகப்பட்ட சட்டை குறைவு என்று கண்ணாலேயே தெரிந்தது. நோட்டில் அடித்து எழுதினால் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். வேன் ஹாரன் அடித்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

மறுநாள் ஷிப்மென்ட். லாரி ஏற்ற வேண்டும் என்று மேனேஜரே ஏழரைக்கு வந்து நின்று எண்ண வைத்துவிட்டார். நாங்கள் வேனிலிருந்து இறங்கும்போது வாசலில் செக்யூரிட்டிப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் லைன் பெண்களை மட்டும் உள்ளே விடவில்லை. இருபத்திரண்டு சட்டை காணோமாம்.

கோட்டு மாற்றுகிற அறையில் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். நேற்றே கொண்டுபோனதை இன்றைக்குப் பையில் வைத்துக்கொண்டு வருவாளா என்று யாரும் யோசிக்கவில்லை. பையைத் தலைகீழாகத் தட்டினார்கள். புடவைக் கொசுவத்தை உதறச் சொன்னார்கள். மெக்கானிக்குகளின் பைக் பெட்டியை யாரும் திறக்கவில்லை. நான் சூப்பர்வைசர் என்பதால் என்னைத் தொடவில்லை. நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அந்தச் சட்டைகள் தைக்கப்படவே இல்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ட்ரையல் முடிய இன்னும் நான்கு நாள். தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். முதல் ஆள் முடிந்தது. ஐந்தாவது ஆள் அழுதாள். பதினோரு பேர் முடிந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாவது திருமானூர்க்காரி. அவள் பையிலிருந்து பேப்பரில் சுற்றிய நாப்கின் கீழே விழுந்தது. செக்யூரிட்டிப் பெண் அதையும் எடுத்துப் பிரித்தாள்.

"அதுக்குள்ள என்னாத்த ஒளிச்சு வச்சிருப்பேன், முழுக்கைச் சட்டையா?" என்றாள் திருமானூர்க்காரி.

நான் வெளியே போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"சார், தேடாதீங்க. அந்த இருபத்திரெண்டு சட்டையே கெடையாது. தைக்கவே இல்ல. நான்தான் முன்னாடியே எழுதிட்டேன்."

"ஏன்?"

"வேனைப் புடிக்க."

அவர் பக்கத்தில் நின்ற மற்ற சூப்பர்வைசர்களைப் பார்த்து, "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், லேடீஸ் சரிப்பட்டு வராதுன்னு" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்து, "போய்க் கோட்டப் போட்டுட்டு வா" என்றார். அதுவரை 'வாங்க', 'போங்க' என்றவர்.

அன்றைக்குப் பாக்கெட் மெஷினில் உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடும் இடத்தில் திருமானூர்க்காரி எதிரே வந்து நின்றாள்.

"மொத ஆளு கொசுவத்த ஒதறுனப்பவே ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"இன்னும் நாலு நாள்தான் இருந்துச்சு."

"என்னையத் தட்டுனதும் சொல்லத் தோணிச்சாக்கும்?"

"ஆமா."

"எனக்கு முன்னாடி நின்னவளுங்கள்லாம் யாரு? மாடா?"

டப்பாவைத் திறக்காமலே மெஷினுக்குத் திரும்பினேன்.

சாயந்திரம் வேனில் ஏறினேன். எல்லா சீட்டிலும் பை இருந்தது. ஒருத்தியும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "மேடத்துக்கு டிரைவர் மடியில எடம் இருக்குதான்னு பாருங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். திருமானூர்க்காரி சிரிக்கவில்லை. பையையும் எடுக்கவில்லை. குரும்பலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி வீட்டுக்காரருக்குப் போன் செய்து மறுபடி மெஷினுக்கே போய்விட்டேன் என்றேன். "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

இப்போது எங்கள் லைனுக்கு வேறொருவன் சூப்பர்வைசர். கத்துகிறான். மணிக்கு ஐம்பத்தைந்துதான் வருகிறது. அதைப் பற்றி ஆம்பளை சரிப்பட்டு வரமாட்டான் என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் என்னிடம் பேசுகிறார்கள், வேலைக்கு வேண்டியதை மட்டும். நூல் இருக்கா, கத்தரி இருக்கா. திருமானூர்க்காரி தன் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள்.

நான் செய்தது தப்பு. பதினோரு பேரைத் தட்டவிட்டு நின்றது தப்பு. அதற்கு வேனைக் காரணம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலை எனக்குத் தெரியும். இருபத்தைந்து நாள் யாரையும் ஏசாமல் செய்து காட்டினேன். நாளைக்கு மறுபடி கூப்பிட்டால் போவேன். கூப்பிட மாட்டார்கள்.