செகண்ட்ஹேண்டில் வந்த ஏற்காட்டு வாரம்

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறார். நான் ஐயம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு மலைக்கும் போனதில்லை. அதனால்தான் அந்த விளம்பரம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏற்காட்டு விடுதி ஒன்றில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை யாரோ ஒரு தரகர் மூலம் இணையத்தில் மறுவிற்பனைக்குப் போட்டிருந்தார்கள். ‘ஒருமுறை கட்டினால் போதும், ஆயுசுக்கும் விடுமுறை.’ அவரைக் கேட்காமலே ஐயாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அவரிடம் சொன்னேன்.

மறுநாள் தரகர் அனுப்பிய ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். பெயர் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம். பழைய உறுப்பினரின் பாக்கியும் வாங்குகிறவர் தலையில்.

“இன்னாமா, ஒருதபா கட்டினா போதும்னியே?” என்றார் வீட்டுக்காரர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒப்பந்தத்தில் விற்பவரின் எண் இருந்தது. தாம்பரத்துக்காரர். நேராக அவரையே கூப்பிட்டேன்.

“அந்த வருஷக் கட்டணம் கட்ட முடியாமத்தான்மா விக்கிறேன். ரெண்டு வருஷ பாக்கி இருக்குது. தரகர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேனே, உங்ககிட்ட சொல்லலியா?”

உடனே தரகரைப் பிடித்தேன்.

“முன்பணம் ரிட்டர்ன் கிடையாது மேடம்.”

“விளம்பரத்துல இந்தக் கட்டணம் ஒண்ணுகூட இல்ல சார். அதை போட்டோ எடுத்து வெச்சிக்கினுதான் பேசறேன். மறைச்சு வித்தா பணத்தைத் திருப்பிக் கேக்க எனக்கு உரிமை இருக்குது.” முழுசாகச் சொல்லி முடித்தேன்.

அவர் போனை வைத்துவிட்டார். அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் பதிந்தேன். தாம்பரத்துக்காரர், பாக்கி விவரத்தைத் தரகரிடம் முன்பே சொன்னதாகத் தாமாகவே எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் பணம் முழுவதும் திரும்பி வந்தது.

அதை வைத்தே ஏற்காட்டில் இரண்டு நாளுக்கு ஓர் அறை எடுத்தோம். பதிவு செய்யும்போது, “வரி சேர்த்தா? டிபன் சேர்த்தா? வேற ஏதாவது இருக்குதா?” என்று நான் கேட்டுக்கொண்டே போக, பக்கத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஏரியில் மிதிபடகு ஓட்டினோம். சரியாக மிதிக்கத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். இருவருக்கும் கரைக்கு வரும் அவசரமே இல்லை.