லோரி வந்தாச்சா

தெருமுனை மருந்துக்கடை சோங் அங்கிள் கான்டனீஸ் சீனத்தில் விற்பார், மலாயில் வாங்குவார், தனக்குத்தானே பேசும்போது மட்டும் வீட்டுச் சீனமான ஹக்கா. தேவகோட்டையிலிருந்து கல்யாணமாகி மலேசியாவுக்கு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், ஒரு மனுஷனுக்கு எதற்கு இத்தனை வாய் என்று எனக்கு எரிச்சலாக வரும். அவர் கடையில் மூலிகைப் பொட்டலம் மடிக்கப் போய், சில வருஷத்தில் எனக்கும் அந்த வாய் முளைத்துவிட்டது.

ஹக்கா என்றால் விருந்தாளி என்று அர்த்தமாம். வடசீனாவில் பிழைக்க வழியில்லாமல் தெற்கே இறங்கியவர்கள், மலைக்காட்டில் முன்பே இருந்த ஷே ஜனங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, அவர்களுடைய சொற்களையும் எடுத்துக்கொண்டார்கள். "எத்தனை தலைமுறை இருந்தாலும் ஊர்க்காரனுக்கு நாங்க விருந்தாளிதான், தங்கச்சி. அதையே பேரா வெச்சுக்கிட்டோம்" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார்.

இங்கே வந்தபின் அந்த மொழியில் மலாய்ச் சொற்களும் ஒட்டிக்கொண்டன. லாரிக்கு மலாயில் லோரி; எங்களுக்கும் லோரி, அவருக்கும் லோரி. ஆனால் அதை அவர் குரல் தாழ்த்தித்தான் சொல்வார். வெள்ளைக்காரன் காலத்து அவசரநிலையில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று, ஒரு விடியலில் சிப்பாய்கள் லோரியோடு வந்து, அவர் குடும்பத்தையே ஏற்றிப்போய் முள்வேலி போட்ட புதுக்கிராமத்தில் இறக்கினார்கள். திரும்பிப் பார்த்தால் வீடு எரிந்துகொண்டிருந்ததாம்.

பக்கவாதத்தில் விழுந்தபோது மற்ற மொழியெல்லாம் போய், அவருக்கு ஹக்கா மட்டும் மிஞ்சியது. மகனுக்கு அது வராது. ஆஸ்பத்திரியில் அவர் "லோரி, லோரி" என்று முனகினார்.

"கடைச்சரக்கு லோரியைக் கேக்கறாரு, ஆன்டி" என்றான் மகன். குனிந்து, "வந்தாச்சுப்பா" என்று கான்டனீஸில் தேற்றினான். நல்ல பிள்ளை, பாவம். வருவதற்கான சொல் ரெண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்று; அவருக்கு அது மட்டும் புரிந்துவிட்டது. பேயறைந்த முகத்தோடு கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். நான் அவர் காதருகே போய், ஹக்காவில் "மோ லோய்" என்றேன். வரவில்லை, அங்கிள். கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

இப்போது எங்கள் குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள். ஊருக்கே போய்விடலாம் என்றால் எந்த ஊர்? தேவகோட்டையில் நான் மலேசியாக்காரி, இங்கே இந்தியாக்காரி. சுபாங் ஜெயாவில் வீடு பார்த்திருக்கிறார் கணவர். இன்று காலை பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் எஞ்சின் உறுமியது.

"மா, லோரி வந்துருச்சு லா" என்றாள் மகள்.

"மோ லோய்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "என்னம்மா? தமிழ்ல சொல்லுங்க."