கழுத்து சிஸ்டர்

என் அண்ணியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'கழுத்து சிஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மூச்சுத் திணறிப் படுத்திருப்பவரின் வீட்டார் மானிட்டரையே வெறித்துக்கொண்டிருந்தால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

"அது வெறும் நம்பருங்க. ஆளைப் பாருங்க. கழுத்துக் குழி உள்ள இழுக்குதான்னு பாருங்க. இழுத்தா மூச்சுக்குப் போராடுறார்னு அர்த்தம்."

வீட்டிலும் அதே பாட்டுதான். எனக்குச் சளி பிடித்தால்கூட முதலில் என் கழுத்தைத்தான் பார்ப்பாள். அதனால் நிமோனியா வந்த அண்ணனை அவள் வார்டிலேயே சேர்த்தபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதலில் மூக்கில் வேகமாகக் காற்று அடிக்கும் குழாய் வைத்தார்கள். அதோடு பேசலாம், தண்ணீர் குடிக்கலாம். போதவில்லை. அடுத்து, முகத்தை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் மாஸ்க். அண்ணன் அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். மறுபடி மூக்குக் குழாய். மிச்சமிருந்தது ஒன்றுதான்: மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் டியூப் இறக்கி, மூச்சை வென்டிலேட்டரிடம் ஒப்படைப்பது.

"போட்டுடலாமா சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆக்ஸிஜன் தொண்ணூத்தி நாலு இருக்கே டாக்டர். இன்னும் கொஞ்சம் பாப்போமே."

டியூபோடு போய்த் திரும்பாதவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். டாக்டர் அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணனுக்குப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி விரல் நுழையும் அளவுக்கு உள்ளே போனது. மானிட்டரில் அதே தொண்ணூற்று நான்கு.

"அண்ணி, அண்ணன் கழுத்து..."

"நம்பர் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதே," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கையால் திரையை மறைத்தேன். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. இப்ப நீங்க பாருங்க அண்ணி."

பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு நேரம் பக்கத்திலேயே நின்றும் புருஷனைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அவளே டாக்டரைக் கூப்பிட்டு, "டியூப் போட்டுடுங்க" என்றாள்.

அண்ணன் அவள் கையைப் பிடித்தான். "வேணாம்னு... நீதானே... சொன்னே."

"தப்பா சொல்லிட்டேங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் டியூபைவிடப் பயமாக இருந்தது.

அண்ணன் தேறினான். டியூபை எடுத்த அன்று அண்ணி கட்டிலருகே நின்றாள். பழக்க தோஷம், கண் மானிட்டருக்குப் போனது. அண்ணன் கம்மிய குரலில் முதல் வார்த்தை பேசினான்.

"இப்பவாவது என்னைப் பாரு."