அக்கா காய் நகர்த்தாத கிழமை

இந்த நாட்டில் மருந்துக்கடைக்குப் போனாலும் முதலில் இலக்கத்துண்டு எடுக்க வேண்டும். 'கோலாப்' என்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் போதும். இடிப்பாருமில்லை, சண்டைக்கு வருவாருமில்லை. நோர்வேக்கு வந்த புதிதில் இந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. முறை வரும்வரை யாரையும் நினைக்கத் தேவையில்லை என்பதும் அதோடு பழகிவிட்டது.

எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் இருக்கும் என் அக்காவோடு இணையத்தில் விளையாட ஒரு பலகை விளையாட்டுத் தேடினேன். என்னைப்போல தூர தேசத்தில் கிடப்பவர்களுக்கு உதவும், கேளுங்கள். லூடோ சரிவராது, எல்லாரும் ஒரே நேரத்தில் குந்தியிருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் இயந்திரமே நமக்காகக் கட்டையை உருட்டிவிடும். கரம் அதைவிட மோசம். அக்கா வீட்டு சிக்னலுக்கு ஸ்ட்ரைக்கர் பாதிவழியில் நின்றுவிடும். சதுரங்கம் அவவுக்குத் தெரியாது. கடைசியில் டாம் அகப்பட்டது, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டுகிற கட்ட விளையாட்டு. ஒருவர் காயை நகர்த்திவிட்டு வேலைக்குப் போகலாம், மற்றவர் ஆறுதலாக வந்து பார்க்கலாம். கடைசி நகர்வை நிறம்போட்டுக் காட்டும். பக்கத்தில் இரண்டு வரி எழுதவும் இடமுண்டு. வேறென்ன வேண்டும்!

முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலைசெய்யும் மாரித் ஒருநாள் எட்டிப்பார்த்தாள். "அக்காவோடு போனில் பேசினால் என்ன?" நேர வித்தியாசம் என்றேன். எவ்வளவு என்றாள். மூன்றரை மணித்தியாலம் என்றேன். என் நோர்வேஜிய மொழிதான் பிழைத்துவிட்டது என்று நினைத்து, "பதின்மூன்றரையா?" என்று இரக்கத்தோடு திருத்தினாள். வெட்கங்கெட்டவன், ஓமென்று தலையாட்டினேன். உண்மை என்னவென்றால், பேசினால் "எப்ப வாறாய்?" என்று அக்கா கேட்பா. டாம் கேட்காது.

சின்ன வயதில் மட்டை அட்டையில் கரியால் கட்டம் கீறி விளையாடுவோம். அவவுக்குச் சோடாமூடி, எனக்கு வாவிக்கரையில் பொறுக்கிய மட்டி ஓடு. பாதியில் எழும்பிப் போவா. "உலை கொதிக்கிது. நீ யோசிச்சிற்று இரிகா" என்பா. அரிசியைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து ஒரே நகர்வில் என் மூன்று ஓடுகளைத் தூக்குவா. அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சித்திரையில் என் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி, சோதிக்கச் சதைத்துண்டு எடுத்தார்கள். அதையும் டாம் பலகையின் ஓரத்தில்தான் அக்காவுக்கு எழுதினேன், காயை நகர்த்துகிற கையோடு. பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அவ நகர்த்தியதும் என் அடுத்த நகர்வோடு சொல்லலாம் என்று இருந்தேன். புது ஆட்டம் தொடங்கியபோது, அவ இழுத்தடிக்கிறா என்ற எரிச்சலில், நகர்வுக்கு ஐந்து நாள் என்று கெடு வைத்தேன்.

அக்கா நகர்த்தவில்லை. கெடு முடிந்த அன்று, வென்றுவிட்டேன் என்று திரையில் பூ கொட்டியது. மாரித் பார்த்துவிட்டு "கிரத்துலேரர்!" என்று வாழ்த்துச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவே எனக்குப் போன் எடுத்தா. குரல் அடைத்திருந்தது.

"டேய் தம்பி, அம்மனுக்குக் குளிர்த்தி முடிஞ்சிது. கதவு திறந்த அண்டைக்கே போனை அலுமாரிக்குள்ள வச்சிற்று கோயில்லயே கிடந்தன். ஒருநேரச் சாப்பாடுதான். உனக்காகத்தான் மனே. சோதினை என்னண்டு வந்திற்றா?"

வைகாசி! வருசத்துக்கொருமுறை கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்தால் கடைசிநாள் குளிர்த்திச் சடங்கு வரைக்கும் எங்கள் ஊர் வேறெதையும் பாராது. அதற்குள் பிறந்து வளர்ந்தவன், பௌர்ணமியையும் மறந்து கெடு வைத்திருக்கிறேன். இல்லாத நோய்க்காக அவ பட்டினி கிடந்த நாளெல்லாம், நான் ஐந்திலிருந்து ஒன்று ஒன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்திற்று அக்கா. ஒண்டுமில்லையாம்."

"எப்ப?"

"இண்டைக்குத்தான்."

"அம்மாளே! தாயே!" என்று அழுதா. பக்கத்தில் நின்ற அத்தானைக் கூப்பிட்டு, "இஞ்ச கேளுங்க, அம்மாள் கண் திறந்திற்றா" என்றா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த விளையாட்டுல நான் தோத்திட்டனாமே? பறவாயில்ல, நீ நல்லா இருந்தாக் காணும்" என்றா. செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று மறுபடி மருந்துக்கடையில் இருக்கிறேன், வயிற்றுக்கு எழுதித்தந்த மருந்துக்காக. புது ஆட்டம், இம்முறை கெடு இல்லை. அக்கா காலையிலேயே நகர்த்திவிட்டா. ஓரத்தில், 'மருந்த நேரத்துக்குக் குடி. வாற வருசம் நேத்திக்கடனுக்கு நீயும் வரவேணும்' என்று எழுதியிருக்கிறா. 'அக்கா, சோதினை முடிவு அண்டைக்கு வந்ததில்ல, முந்தியே வந்தது' என்று எழுதுகிறேன், அழிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். தலை நிமிர்ந்தபோது சுவரில் என் இலக்கம் போய்விட்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்த கிழவர் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். கையில் கசங்கிய துண்டு. மடியில் அக்காவின் பலகை, 'உங்கள் முறை' என்று காட்டியபடி.