கொரியாச் சண்டையும் ராகேலின் நல்லமிளகும்

கருங்கல் ஊருக்கு மேற்கே ஒரு மேட்டு விளையில் ராகேலும் அவள் கணவன் ரசலையனும் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். வேலியோர முருக்கு மரங்களில் பத்திருபது நல்லமிளகுக் கொடிகள் தன்பாட்டுக்குக் கிடந்தன. அதில் கிடைப்பது உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகும்.

1951இல் ஒரு சந்தைநாள், மிளகு வியாபாரி தங்கையன் சொன்ன பெரிய விலையைக் கேட்டு, கேலி செய்கிறார் என்றே ராகேல் நினைத்தாள். கொரியா என்ற நாட்டில் சண்டை நடக்கிறது, அது பெருகுமோ என்று பயந்து வெளிநாட்டுக்காரர்கள் மிளகை வாங்கிக் குவிக்கிறார்கள் என்றார் அவர். கப்பலேறும் மிளகுக்கு சர்க்கார் தீர்வை போட்டிருக்கிறது, இல்லாவிட்டால் இன்னும் கூடத் தருவேன் என்றும் சொன்னார். சண்டைக்கும் மிளகுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அந்த வருஷம் ஓலைக்கூரையை மாற்றி ஓடு போட்டார்கள்.

ரசலையன் துணிந்துவிட்டான். விவசாய இலாகாக்காரரும் வந்து சொல்லவே, பாதி விளையில் மரச்சீனியைப் பிடுங்கிவிட்டு மிளகு நட்டான். கொடிகளில் வாட்ட நோய் வராமலிருக்க, இரவல் வாங்கிய பம்பால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தான். கொடி காய்க்கும்வரை, போதாத கிழங்கை விலைக்கு வாங்கித் தின்றார்கள்.

சபையில் கொரியாவின் சமாதானத்துக்காக ஜெபம் நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாய்மாரை நினைத்து ராகேல் கண்ணீரோடு ஜெபித்தாள். வீடு திரும்பும் வழியில், சண்டை நின்றால் மிளகு என்னாகும் என்று தோன்றும். உடனே தன்னையே திட்டிக்கொள்வாள்.

சண்டை நின்றது. புதுக்கொடிகள் நன்றாகக் காய்க்கத் தொடங்கிய வருஷம், காயவைத்த மிளகைச் சுமந்துகொண்டு தங்கையன் கடைக்குப் போனாள். மணி திரட்சியாக இருக்கிறது என்று மெச்சிய அவர், பழைய விலையில் கால்பங்குகூடச் சொல்லவில்லை.

"கப்பல் தீர்வைய சர்க்காரு கொறச்சாச்சுன்னு நீங்கதானே சொன்னிய? பின்ன வெல கூடத்தானே செய்யணும்?"

"கொறச்சது உள்ளதுதான் அக்கா. உலக யுத்தத்தில அழிஞ்ச அக்கரைத் தீவுத் தோட்டமெல்லாம் இப்போ காய்க்குது, அங்க இருந்தும் மிளகு கப்பலேறுதுல்லா."

"அப்போ சண்டை நிக்கணும்னு நான் ஜெபிச்சது தப்பா?"

தங்கையன் தராசைத் துடைத்தார். போதகரிடம் கேளுங்கள் என்றார். அவள் கேட்டபோது போதகரோ, சமாதானம் நல்லதுதான் என்று மட்டும் சொன்னார்.

ரசலையன் அரிவாளோடு கொடிகளை வெட்டக் கிளம்பினான். ஒரு வரிசை முடிந்ததும் ராகேல், மற்றது நிற்கட்டும் என்று அவன் கையைப் பிடித்தாள். வெட்டிய இடத்தில் இருவருமாக மரச்சீனிக் கம்பு நட்டார்கள். மற்றதை ஏன் விடச் சொன்னாய் என்று அவன் பிறகு கேட்டான். சண்டை வந்தாலும் வராவிட்டாலும் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகுமே என்றாள்.