நானூறு கொசுக்களுக்கு ஒரு கை

பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் உயிரியலுக்கு எதிரே டிக் போட்டது அவளில்லை, அவள் அம்மா. அம்மா தையல்காரி. படிவம் என்று ஒன்று கையில் கிடைத்தால் காலி இடமே விடமாட்டாள். பெயர் கேட்ட இடமெல்லாம் தன் பெயர், கோடு போட்ட இடமெல்லாம் தன் கையெழுத்து. அன்று சாயங்காலமே தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது: "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குறா." உயிரியல் படித்தவள் டாக்டராகாமல் வேறு என்னதான் ஆகித் தொலைப்பாள் என்பது அம்மாவின் எண்ணம்.

பெண்ணும் முட்டி மோதிப் படித்தாள். இதயத்தின் படத்தில் இடமும் வலமும் இடம் மாறின. தவளையை அறுக்கச் சொன்னபோது தவளைக்கு முன்னால் இவள் மயங்கினாள். பரீட்சையில் கொசுவின் வாயுறுப்புப் படத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. மருத்துவக் கல்லூரி அவள் இருந்த திசைக்கே திரும்பவில்லை. விலங்கியலில் ஒரு பட்டம் வாங்கினாள், கொசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. வேலை, கொசு வளர்ப்பது.

நிஜமாகவே வளர்ப்பதுதான். தட்டில் தண்ணீர் ஊற்றிப் புழுக்கள், வலைக் கூண்டில் கொசுக்கள். ஆண்கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, முட்டையிட வேண்டிய பெண்கொசுவுக்கு ரத்தம். ரத்தம் ஊட்ட ஓர் இயந்திரம் வாங்கினார்கள். இந்த ரகக் கொசுக்கள் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே வியாழன்தோறும் பதினைந்து நிமிடம் அவள் நானூறு கொசுக்கள் இருக்கும் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். நோய்நொடி இல்லாத கொசுக்கள், அரிப்பு மட்டும் உண்டு. வாசனைச் சோப்பு கூடாது. மாத்திரை கூடவே கூடாது. லீவு கேட்டால் அதிகாரியம்மா, "நீ போயிட்டா அதுங்க என்ன சாப்பிடும்?" என்பார்.

இதெல்லாம் அவளுக்குக் கஷ்டமே இல்லை, பிடித்த வேலை. கஷ்டம் அம்மாதான். பதினோரு வருஷமாகக் கொசு என்ற சொல் அம்மா வாயில் வந்ததில்லை. "ஆஸ்பத்திரி பக்கத்துல வேலை" என்று ஆரம்பித்தது, "ஆஸ்பத்திரியில வேலை" என்றாகி, இப்போது பெரிய டாக்டர். தைக்க வருகிறவர்கள் துணியோடு மூட்டுவலியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் பேந்தப் பேந்த விழிப்பாள். "கூச்ச சுபாவம்," என்பாள் அம்மா. தன் வேலையைச் சொல்லப் பெற்றவளே வெட்கப்படுவது நானூறு கடியைவிட அவளுக்கு வலித்தது. ஒரே ஒரு தடவை அம்மா அதை வாய்விட்டுச் சொன்னால் போதும் என்றிருந்தாள்.

ஒரு புதன்கிழமை அவளுக்குப் பல் வீங்கியது. பல் டாக்டர் கொடுத்த மாத்திரையை வலி பொறுக்காமல் விழுங்கிவிட்டாள். அதிகாரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்து கலந்த ரத்தம் குடித்தால் ஆராய்ச்சியே கெட்டுவிடும். குடிக்காவிட்டால் முட்டை இல்லை, அறுபத்து மூன்று தலைமுறை வம்சம் அதோடு சரி. பழைய கோப்பைப் புரட்டினார். வேலையில் சேர்ந்த நாளின் படிவத்தில், 'பதில் ஆள்' என்ற இடத்தில் அம்மாவின் பெயர், கையெழுத்து.

"வருஷா வருஷம் ரத்த டெஸ்டுக்குக் கூட வந்திருக்காங்களே!"

வந்திருக்கிறாள்தான். ஊழியர் குடும்பத்துக்கு இலவசப் பரிசோதனை என்று அம்மா தெருவெல்லாம் பீற்றிக்கொண்டது அதைத்தான். மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மறுநாள் அம்மா வந்து கூண்டைப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா கையை விடணும்?"

"வேணாம்னா விட்டுடும்மா."

"விட்டா?"

"வம்சமே போயிடும்."

அம்மா மகளின் முன்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டி, இத்தனை வருஷமா இதையா செஞ்சுட்டு இருந்த?" என்றாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் ரத்தத்துக்கு என்னடி குறைச்சல்?" பிறகு ஒன்று உட்கார்ந்தது, அடுத்து பத்து, அப்புறம் கை தெரியவில்லை. அம்மா அசையவில்லை. தினம் ஊசி குத்திப் பழகிய கை.

"அந்த மூலையில ஒண்ணு சும்மா உக்காந்திருக்கே, அதுக்குப் பசிக்கலையா?"

"அது ஆண் கொசும்மா, கடிக்காது. மீசை புசுபுசுன்னு இருக்கு பாரு."

"இதெல்லாம் பாத்தவுடனே தெரியுமா உனக்கு?" அம்மா மகளை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

கைப்பையில் போன் அடித்தது. மகள் எடுத்து அம்மாவின் காதில் வைத்தாள். வாடிக்கைக்காரி ஒருத்தியின் குரல் வெளியிலேயே கேட்டது: "கடை பூட்டியிருக்கே! பொண்ணோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்களா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி இல்ல," என்றாள் அம்மா. "கொசு வளர்க்குற இடம். ஆமா, கொசுதான். எம் பொண்ணுதான் வளர்க்குறா. டாக்டர்னு சொன்னதெல்லாம் நான் விட்ட கதை. அப்புறம் பேசுறேன், சத்தம் போடாதீங்க. புள்ளைங்க சாப்பிடுது."